பதினெட்டாம் நாள் மின்தடை

மின்விசிறி ஓய்ந்ததை மருதாசலம் கண்ணால் பார்க்குமுன் உடம்பால் தெரிந்துகொண்டார். முப்பத்தொரு வருஷம் பஞ்சாலையில் ஈரக்காற்று பிளாண்டைப் பார்த்துக்கொண்ட உடம்பு அது. ஓடுகிற ஒன்று நின்றால் முதுகுத்தண்டுக்குத்தான் முதலில் சேதி போகும். தலைக்கு மேலே விசிறி, சமையலறையில் ஃபிரிட்ஜ், இரண்டுக்கும் அடியில் ரொம்பச் சன்னமாக, மேசைமேல் இருந்த தெர்மாகோல் பெட்டிக்குள் உள்ளங்கை அகலக் குட்டி விசிறி, மூன்றும் அடுத்தடுத்து அடங்கின. பெட்டிக்குள் எரிந்த பல்பும் போயிற்று. அவருடைய வலது கை தானாகச் சுவரை நோக்கி எழுந்தது. ஆலையில் கரண்டு போனால் முதல் காரியம் தண்ணீர் வால்வை மூடுவது, இல்லாவிட்டால் கரண்டு திரும்பும்போது தொட்டி வழிந்து தளமெல்லாம் வெள்ளம். ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாகியும் கை அந்த வால்வைத் தேடுகிறது. இங்கே சுவரில் காலண்டர்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை. மணி ஒன்பது. சரியாக ஒன்பது. சரியாக ஒன்பதுக்குப் போகிற கரண்டு சும்மா போகிற கரண்டு இல்லை என்று தோன்றியது. சன்னலுக்குப் போனார். பக்கத்து வீட்டு ஜோதிமணி வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். “ஏம்மணி, கரண்டு உங்கூட்டுலயும் இல்லியா?” என்றார். “இன்னைக்கு ஷட்டௌனுங்ணா. ரெண்டு மணிக்குத்தான் வரும். நான் மாவெல்லாம் நேத்தே ஆட்டி வெச்சுட்டேன். உங்களுக்குத் தெரியாதுங்களா?” “தெரியும், தெரியும்” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார். தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். மாசம் ஒரு தடவை பராமரிப்புக்காக நிறுத்துகிறார்கள், இந்த ஒண்டிப்புதூரில் குடிவந்த நாளிலிருந்து நிறுத்துகிறார்கள், அது எந்த நாள் என்று முன்கூட்டியே சொல்லவும் செய்கிறார்கள், அவருக்குத்தான் தெரியாது. ஐந்து மணி நேரம். பெட்டிக்குள் இருபத்துநான்கு காடை முட்டை. பதினெட்டாம் நாள். காலையில் பல் விளக்கும்போது மூன்று குஞ்சு வெளியே வந்திருந்தது. ஏழெட்டு முட்டையில் ஊசிமுனை அளவுக்கு ஓடு பெயர்ந்து உள்ளிருந்து ஏதோ அசைந்தது. போன பதினேழு நாளில் எந்த நாள் வேண்டுமானாலும் கரண்டு போயிருக்கலாம். இந்த ஒரு நாள் பார்த்துப் போய்விட்டது.

மறந்துவிட்டோம் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒருநாளும் நினைவில் வைத்ததே இல்லையே, அது வசந்தாமணியின் சோலி. காலையில் பேப்பர் வந்ததும் செத்தவர்கள் படம், தங்கம் விலை, அடுத்து மின்தடை, இந்த வரிசையில்தான் அவள் படிப்பாள். ஊர்ப்பெயர்களை வாய்விட்டு, ராகம் போடுகிற மாதிரி ஒவ்வொன்றாக வாசிப்பாள். நம்முடைய ஊர் வந்ததும் குரல் உயரும். வீதிப் பெண்கள் நாலு பேர் அதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் மாவு ஆட்டுவதும் மோட்டார் போடுவதும். “அக்கா, நம்ம பக்கம் எப்பங்க்கா?” என்று கேட்டுக்கொண்டே போவார்கள். அவள் போய்ப் பதினாலு மாசம் ஆகிறது. பேப்பரை அடுத்த மாசமே நிறுத்தினார், படிக்க ஆள் இல்லாத வீட்டில் அது சுருட்டியபடி கிடந்ததைப் பார்க்க முடியவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் இப்போது போனில் வந்துவிடுகிறதாம். அவர் போனிலும் வந்திருக்கும். மெசேஜைத் திறந்து பார்க்கிற பழக்கம் இல்லை. இதே தப்பு. போன தடவையும் இதே தப்பு. வேண்டாம், அதை இப்போது எடுக்க வேண்டாம். பெட்டியைப் பார். பெட்டியின் நெற்றியில் ஒட்டியிருந்த பேட்டரி மீட்டரில் முப்பத்தேழு புள்ளி ஆறு என்று எண் நின்றது. நின்றதா? பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்கு ஆயிற்று. மீன் கொண்டுவருகிற தெர்மாகோல் பெட்டியைக் கழுவிக் காயவைத்து அவர் தன் கையால் செய்த இன்குபேட்டர் அது. மூடியில் ஒரு சதுரம் வெட்டிக் கண்ணாடி பதித்திருந்தார், திறக்காமல் பார்ப்பதற்கு. தெர்மாகோல் நல்ல சாமான், உள்ளே இருக்கிற சூட்டைச் சீக்கிரம் விடாது. நன்றி என்று அதன் பக்கவாட்டில் தட்டினார். வெளியே சித்திரை வெயில், ஒன்பது மணிக்கே சிமெண்டுத் தரை கொதிக்க ஆரம்பித்துவிட்டது. ஊரே சபிக்கிற வெயில். அதற்கும் நன்றி. மார்கழியில் இப்படி ஆகியிருந்தால் அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும். போர்வையைக் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றிக் கட்டினார். காற்றுப்போகிற துளைகளை மட்டும் விட்டார். மீட்டரில் முப்பத்தேழு ஒன்று.

காடை வளர்க்கிற ஆசையெல்லாம் அவருக்குக் கிடையாது. வசந்தாமணிக்குக் கடைசி வருஷம் எதுவும் இறங்கவில்லை. நூல் சுற்றும் பிரிவில் இருபத்தாறு வருஷம் நின்றவளின் நெஞ்சு, பஞ்சுத்தூசி குடித்த நெஞ்சு. யாரோ சொல்லிக் காடை முட்டை வாங்கி வந்தார். நாலு நிமிஷம் வேகவைத்து, பச்சைத் தண்ணீரில் போட்டு, கட்டைவிரல் நகத்தால் அந்தச் சின்ன ஓட்டைக் கிழியாமல் உரித்து, மிளகுத்தூள் தொட்டு ஒவ்வொன்றாக வாயில் கொடுப்பார். ஒரு நாளைக்கு ஐந்து. அவள் வேகாத முட்டையைக் கையில் வைத்து உருட்டிப் பார்ப்பாள். “மை பேனாவ ஒதறுன மாதிரி இருக்குதுங்க” என்பாள். அவள் போன பிறகு ஃபிரிட்ஜில் பதினொரு முட்டை மிச்சம் இருந்தது. தின்னவும் மனசில்லை, எறியவும் மனசில்லை. ஒரு பல்பின் அடியில் பஞ்சு பரப்பி அடைவைத்தார், மனுஷன் அந்த நாட்களில் என்னவெல்லாமோ செய்கிறான். இருபது நாள் பார்த்துவிட்டு, முட்டை டப்பாவில் இருந்த நம்பருக்குப் போன் பண்ணி ஏன் பொரிக்கவில்லை என்று கேட்டார். திண்டுக்கல்லில் காடைப் பண்ணை வைத்திருக்கும் மெகருன்னிசா என்ற அம்மா எடுத்தார். “அய்யா, கடைக்குப் போற முட்டைல சேவலே சம்பந்தப்படலங்க, அது எப்படிங்க பொரிக்கும்? நீங்க சூடு வச்சது வேஸ்டு” என்றார். சிரித்துவிடுவார் என்று மருதாசலம் எதிர்பார்த்தார், அந்த அம்மா சிரிக்கவில்லை. “எதுக்கு வச்சீங்க?” என்று மட்டும் கேட்டார். இவர் சொன்னார். யாரிடமும் சொல்லாததை, முகம் தெரியாதவரிடம், போனில். நாலாம் நாள் கூரியரில் ஒரு பார்சல் வந்தது. உமியும் செய்தித்தாளும் திணித்து, மேலே ‘முட்டை. தலைகீழாக்க வேண்டாம். புண்ணியமாப் போகும்’ என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, உள்ளே முப்பது முட்டை. ஒவ்வொன்றிலும் பென்சிலால் நம்பர். கொண்டுவந்தவர் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். அந்த ஆளுடைய பெயரைக்கூடக் கேட்கவில்லையே என்று மருதாசலம் இப்போது நினைத்தார். முப்பத்தாறு எட்டு.

அந்த முதல் முப்பதும் போயிற்று. அது யாரும் செய்யாத தப்பு, ஆலைக்காரன் மட்டும் செய்யக்கூடிய தப்பு. மெகருன்னிசா ஈரம் ஐம்பதுக்குக் கீழே இருக்கட்டும், கடைசி மூன்று நாள் மட்டும் கூட்டுங்கள் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். ஐம்பது என்ற எண்ணை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஐம்பதில் நூல் அறும். ஐம்பது காட்டினால் சூப்பர்வைசர் படியிறங்கி ஓடிவருவார். முப்பத்தொரு வருஷம் ஈரத்தை அறுபதுக்கு மேலே தூக்கி நிறுத்தியே சோறு தின்றவர். பெட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணத்தை ஒன்றுக்கு இரண்டாக வைத்தார், ஈரத்துணி போட்டார், மீட்டர் அறுபத்தைந்தைத் தொட்டதும் மனசு குளிர்ந்தது. எல்லாக் குஞ்சும் முழுசாக வளர்ந்து, வெளியே வர இடமில்லாமல், ஓட்டுக்குள் நீர் தேங்கி மூழ்கிப்போயின. இருபதாம் நாள் ஒன்றை உடைத்துப் பார்த்தார், இரண்டாவதை உடைக்கக் கை வரவில்லை. “அய்யா, அது காடைங்க, நூல் இல்லைங்க” என்றார் மெகருன்னிசா. அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எம்முட்டை மூச்சுவிடணும்ல? தண்ணிக் கெண்ணத்தத் தூக்கி வீசுங்க. கை அரிச்சா ரெண்டு கையையும் கட்டிப்போட்டுக்கங்க.” மறுபடி முட்டை அனுப்பினார். இந்தத் தடவை மருதாசலம் நாற்பத்தைந்தில் வைத்துவிட்டுத் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு பதினைந்து நாள் இருந்தார். வறண்ட எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எங்கோ நூல் அறுகிற சத்தம் கேட்டது. பதினைந்தாம் நாள் தண்ணீர் வைத்து மூடியை மூடினார். அதற்குமேல் மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஈரம் ஒரே மூச்சில் வெளியேறும், பாதி கொத்திய முட்டையின் உள்தோல் காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டிக்கொள்ளும், அது திரும்ப முடியாமல் அப்படியே நின்றுவிடும். ஆக மூடியைத் திறந்து சுடுதண்ணீர் பாட்டிலை உள்ளே வைக்கவும் வழியில்லை. வெளியே வைத்தால் தெர்மாகோல் சூட்டை உள்ளே விடாது. எதற்கு நன்றி சொன்னாரோ அதுவே இப்போது குறுக்கே நின்றது. முப்பத்தாறு நான்கு. உள்ளேயிருந்து கீச் என்று ஒரு குரல், அதற்குப் பதிலாக இன்னொன்று, ஓட்டுக்குள்ளிருந்து வருகிற குரல். முட்டைக்குள் இருப்பவை ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும், கூப்பிடுவதைக் கேட்டுத்தான் எல்லாம் ஒன்றாக வெளியே வரப் பார்க்கும் என்று மெகருன்னிசா சொல்லியிருக்கிறார். கூப்பிடுகிறவற்றுக்குக் கரண்டு போனது தெரியாது. வரச் சொல்கின்றன.

கண்ணாடி. பெட்டியில் சூடு நுழையக்கூடிய ஒரே இடம் அந்தச் சதுரக் கண்ணாடிதான். உள்ளங்கையை அதன்மேல் வைத்தார், கண்ணாடி தன் கையைவிடக் குளிர்ந்திருந்தது. அடுப்பில் தண்ணீர் வைத்து, துண்டை முக்கிப் பிழிந்து, ஆவி பறக்கக் கொண்டுவந்து கண்ணாடிமேல் விரித்தார். எண் ஏறவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை. நின்றது! துண்டு மூன்று நிமிஷத்தில் ஆறியது. மறுபடி அடுப்படிக்கு எட்டுத் தப்படி நடை, முக்கி, பிழிந்து, விரல் வெந்து, திரும்பி வருவதற்குள் பத்தில் இரண்டு இறங்கிவிட்டது. நாலாவது நடையில் முழங்கால் மடங்க மறுத்தது. இது ஒரு ஆள் செய்கிற வேலை இல்லை. ஒருத்தர் பிழிந்து கொடுக்க, ஒருத்தர் இங்கேயே நின்று மாற்ற வேண்டும். துண்டை விரித்ததும் உள்ளே எதுவும் தெரியவில்லை, எந்தக் குஞ்சு எப்படி இருக்கிறது, எது நின்றுவிட்டது, காதால் மட்டும் கேட்க வேண்டியிருந்தது. மூடிய கதவுக்கு வெளியே நிற்கிற மாதிரி. வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிவைத்த நாள் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தது.

அன்றைக்கும் ஒன்பது மணி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை. வசந்தாமணியின் மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் யந்திரம், பழைய ஆலையின் ஏதோ ஒரு மூலை மாதிரி இராப்பகல் கொடகொடவென்று ஓடும். அந்தச் சத்தம் நின்றது. ஒரு வாரமாக அவளுக்குப் பேப்பரைத் தூக்கிப் பிடிக்கத் தெம்பில்லை, நீங்க பாருங்க என்று சொல்லியிருந்தாள், அவர் பார்க்கவில்லை. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டர் தீர்ந்து மூன்று நாள் ஆகியிருந்தது, நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். அவள் அவரைப் பார்த்தாள். குற்றமாகப் பார்க்கவில்லை, போய்ட்டு வாங்க என்கிற மாதிரிக் கையை மட்டும் ஆட்டினாள். மொபெட்டை எடுத்துக்கொண்டு சிங்காநல்லூருக்கு. மருந்துக்கடையில் சிலிண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, மொபெட்டை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பினார். இருபது நிமிஷம். உள்ளே நுழைந்தபோது ஜோதிமணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முறத்தால் வீசிக்கொண்டிருந்தாள். வசந்தாமணி கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காது வரைக்கும் இறங்கியிருந்தது. தோள் குலுங்கியது. அந்தக் காட்சிதான். குழாயை மாட்டினார், சிலிண்டரைத் திருகினார், எல்லாம் சரியாயிற்று, அதற்குப் பிறகு எட்டு மாசம் இருந்தாள், எட்டு மாசமும் பெரிய கொடை. ஆனால் அந்தக் கை. மூச்சு கிடைக்காமல் எவ்வளவு பயந்திருந்தால், கத்திவிடக் கூடாது என்று, அவர் வந்தால் பயந்துபோவார் என்று, வாயைப் பொத்தியிருப்பாள். “அன்னைக்கு ஜோதிமணி வந்து...” என்று பிறகு இரண்டு தடவை அவளே ஆரம்பித்தாள். “அதப் பேசாத” என்று எழுந்து போய்விட்டார். ஜோதிமணியிடமும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளே. இரண்டு வருஷமாக அவளிடம் ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் கேட்காமல் இருந்ததற்கு அதுதான் காரணமா, இல்லை பிறவிக்குணமா? முப்பத்தைந்து ஒன்பது. உள்ளேயிருந்து ஒரே ஒரு குரல், சன்னமாக. பதில் இல்லை. அவர் சன்னலுக்குப் போகவில்லை, போனால் துண்டு ஆறிவிடும். நின்ற இடத்திலிருந்தே கழுத்து நரம்பு புடைக்க, “ஜோதிமணீ!” என்று கத்தினார். அவ்வளவு சத்தம் தனக்குள் இருப்பது அவருக்கே தெரியாது.

அவள் ஈரக்கையோடு ஓடிவந்தாள். “என்னுங்ணா, என்னாச்சுங், நெஞ்சு வலிக்குதுங்களா?” “இல்ல அம்மிணி. காடை.” “காடைங்களா?” அவள் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். “நீங்க கத்துன கத்துல அங்க சட்டிய ஒடச்சுப்போட்டு வாரேனுங். காடைங்கறீங்?” அவர் சொன்னார், ஒரே மூச்சில், கண்ணாடி, துண்டு, சூடு, மூடியைத் திறக்கக் கூடாது, ரெண்டு மணி. முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அங்கிருந்து குரல் வந்தது: “இந்தச் சின்னப் போசில எத்தன தண்ணி வெப்பீங்? ஆம்பள அடுப்படி!” தன் வீட்டிலிருந்து பெரிய குண்டாவும் நாலு துண்டும் கொண்டுவந்தாள். அவள் பிழிந்து நீட்ட, அவர் விரித்து மாற்ற, ஆறியதை அவள் வாங்கிக்கொண்டு போக, நாலைந்து சுற்றில் ஒரு தாளம் வந்துவிட்டது. ஆலையில் ஷிஃப்ட் மாறும்போது கை மாறி வேலை ஓடுமே, அந்தத் தாளம். முப்பத்தாறு ஒன்று. முப்பத்தாறு மூன்று. மணி பத்தரை, பன்னிரண்டு, ஒன்றரை. “ஏனுங்ணா, ஷட்டௌனு தெரியும்னு சொன்னீங்களே?” “தெரியாது.” “அதான பாத்தேன். இனி நான் சொல்றேனுங். அக்கா இருந்தவரைக்கும் எங்களுக்குச் சொன்னாங்கல்ல.” துண்டை உதறி விரித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், அவர் கேட்டுவிட்டார். இரண்டு வருஷம் கேட்காததை, கை வேலையில் இருந்ததால், கேட்க முடிந்தது. “அன்னைக்கு, சிலிண்டர் எடுக்கப் போனேன்ல. நான் வர்றவரைக்கும் அவ ரொம்பச் சிரமப்பட்டாளா?”

“சிரமமா? மூச்சு வாங்குச்சுங், இல்லைங்கல. ஆனா அக்கா கெட்டிக்காரிங்கல்ல. நான் அழுதுட்டே ஓடியாந்தேன், என்னப் பாத்துக் கைய இப்படிக் காட்டுனாங்க, உக்காருன்னு. ‘நான் பேசுனா மூச்சு செலவாகும், நீ பேசு, அவரு வர்றவரைக்கும் எதாவது சொல்லு’ன்னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அதுக்கு மொத நாளுதான் நம்ம மூணாவது வீதி ஃபிட்டர் பழனியப்பன் மக கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்தேனுங். அதச் சொன்னேன். பழனியப்பன் புதுசா பல் செட்டு மாட்டிட்டு வந்தாரா, பந்தில உக்காந்ததும் அது ஈற அறுக்குதுன்னு கழட்டி எல ஓரத்துல, அப்பளத்துக்குக் கீழ வெச்சுட்டாரு. கைகழுவப் போனவரு மறந்துட்டாரு. எலய சுருட்டிப் பின்னால கொட்டிட்டாங்க. பொண்ணுக்கு முகூர்த்தப்பொடவ கட்டிட்டிருக்கறாங்க, பொண்ணோட அப்பன் பொக்கவாயோட எச்செலக் குமிய கெளறிட்டு நிக்கறாரு. கூட எட்டுப் பேரு. தேடித்தேடி எடுத்தாப்ல பாருங், ஒண்ணில்ல, ரெண்டு செட்டு.” அவள் துண்டைப் பிழிந்தபடி வாசலில் நின்று சிரித்தாள். “அந்த எடத்துலதாங்ணா நீங்க சிலிண்டரோட வந்தீங்க. அக்காவுக்குச் சிரிப்பு அடங்கல. சிரிச்சா மூச்சு முட்டும்னு வாய இறுக்கிப் பொத்திக்கிட்டாங்க. கண்ணுல தண்ணியா ஊத்துது, ஒடம்பு குலுங்குது, எனக்கானா பயம், நானே கொன்னுபோடுவேனோன்னு. நீங்க மொகத்த அப்படி வெச்சுட்டு வந்து நின்னீங்களா, அதப் பாத்து இன்னும் சிரிப்பு.”

மருதாசலம் துண்டை வாங்க மறந்து நின்றார். ஆவி அவள் கையிலிருந்து மேலே போயிற்று. சிரிப்பு. அந்தக் கை, அந்தக் கண்ணீர், குலுங்கிய தோள், இரண்டு வருஷமாகக் கண்ணை மூடும்போதெல்லாம் வந்து நின்றது, எத்தனை தடவை அதன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார், அது பல் செட்டைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு. சொல்லத்தானே வந்தாள் வசந்தாமணி. இரண்டு தடவை வந்தாள். அதப் பேசாத என்று வாயை அடைத்தது யார்? அவரோடு சேர்ந்து சிரிக்க அவளுக்கு ஒரு வேடிக்கை இருந்தது, அதை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அதற்கு வருத்தம் வந்தது, ஆனால் அது வேறு வருத்தம், தூக்கிச் சுமக்கக்கூடிய எடையில் இருந்தது. அதற்கடியில் பெரிதாக ஒன்று எழும்பி வந்தது, அதற்கு என்ன பேர் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த இருபது நிமிஷத்தில் அவள் பயத்தில் இல்லை. கல்யாணப் பந்திக்குப் பின்னால் நின்றிருந்தாள். கூட ஆள் இருந்தது. யார் செய்த புண்ணியமோ, ஜோதிமணி முதல் நாள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். “அண்ணா, துண்டு ஆறுதுங்!” என்றாள் அவள். அவர் வாங்கி விரித்தார். மீட்டரில் எண் கலங்கித் தெரிந்தது, கண்ணைத் துடைத்த பிறகு முப்பத்தாறு நான்கு. உள்ளே கீச் என்றது. இன்னொரு கீச். அடுக்கடுக்காக நாலைந்து. “அந்த ரெண்டாவது செட்டு?” என்றார். “ஆங்?” “அந்த ரெண்டாவது பல் செட்டு யாருதுன்னு கேக்கறேன். அவளுக்குச் சொன்னயா?” “சொல்லாம வுடுவாங்களா? அடுத்த நாளு காலைல கூப்புட்டனுப்பி முழுசாக் கேட்டாங்க.” “அப்ப எனக்கும் சொல்லு.”

அவள் பெரிய குண்டாவையே தூக்கிவந்து மேசைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துண்டை முக்கிப் பிழிந்து நீட்டியபடி சொன்னாள். ரெண்டாவது செட்டு தன்னுடையது என்று மண்டபத்தில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லையாம். வாயைத் திறக்க முடியாத ஒருத்தர்தான் அதற்குச் சொந்தக்காரர், மாப்பிள்ளையின் பெரியப்பா, எழுபத்தைந்து வயசிலும் எல்லாம் சொந்தப் பல் என்று சம்பந்தம் பேசும்போதே சொல்லிக்கொண்டவர். பொண்ணு வீட்டார் வந்து கும்பிட்டால் உம்மென்று தலையை ஆட்டுகிறார். சாப்பிடச் சொன்னால் கையை ஆட்டுகிறார். பெரியவர் கோபித்துக்கொண்டார் என்று ஆளுக்கு ஆள் பதறி, என்ன குறை வைத்தோம் என்று தாம்பாளத்தில் பழம் வைத்துக் காலில் விழப்போய்விட்டார்கள். இதற்கிடையில் பழனியப்பன் அவசரத்தில் செட்டை மாற்றி மாட்டிக்கொண்டு வாயை மூட முடியாமல், “எல்லாத்தயும் பாத்து ஈன்னு நிக்கறாருங், வந்த ஒறம்பரையெல்லாம் மனுசனுக்கு மக கல்யாணத்துல என்னா சந்தோசம் பாருங்கறாங்க.” அந்த இடத்தில் மருதாசலம் சிரித்தார். அடிவயிற்றிலிருந்து, துண்டைப் பிடித்த கையோடு, முன்னால் வளைந்து சிரித்தார். ஜோதிமணியும் சிரித்தாள். எதிர்வீட்டில் டிவி பேச ஆரம்பித்திருந்தது. தலைக்கு மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, எப்போதிருந்து என்று இருவருக்கும் தெரியாது. “கரண்டு வந்துருச்சுங்ணா!” “வரட்டும். நீ முடி.” முடித்தாள். பொண்ணுதான் கண்டுபிடித்ததாம். மணவறையில் உட்கார்ந்தபடி பெரியப்பாவின் கன்னம் ஒட்டிப்போயிருப்பதைப் பார்த்தாளாம். அப்பனிடமிருந்து அந்தச் செட்டை வாங்கிக் கழுவி, வெற்றிலைத் தட்டில் வெற்றிலைக்கு அடியில் வைத்து, ஆசீர்வாதம் வாங்குகிற சாக்கில் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டாள். பெரியவர் தட்டோடு எழுந்து போனார், திரும்பி வந்தார், மண்டபமே கேட்கும்படி வாழ்த்தினார். “அப்பறம் அந்தப் புள்ளைன்னா அவருக்கு உசுருங். சொத்துல பங்கு வெச்சாலும் வெப்பாரு.”

துண்டை எடுத்தார். கண்ணாடி உள்பக்கம் வேர்த்துப் புகைபோல மூடியிருந்தது. பல்பின் மஞ்சள் மட்டும் தெரிந்தது. துடைக்க முடியாது, தானாகத் தெளிய வேண்டும். இருவரும் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். ஓரத்திலிருந்து மெல்லத் தெளிந்தது. காய்ந்து பஞ்சாகிவிட்ட மூன்று குஞ்சு, முதுகில் கோடு போட்டு, கொட்டைப்பாக்கு அளவில். அவற்றுக்குப் பக்கத்தில் ஈரமாக இன்னொன்று, இன்னும் இரண்டு, அடியில் கிடப்பதை எண்ண முடியவில்லை. அசையாத முட்டைகளும் இருந்தன. அவற்றில் எது வரும், எது வராது என்பது நாளைக்குத்தான் தெரியும். கண்ணாடிக்கு நேர் கீழே பதினேழாம் நம்பர் முட்டை. ஓடு சுற்றிலும் அறுபட்டு, தொப்பி மாதிரி ஒரு பக்கம் தூக்கி நின்றது. உள்ளிருந்து ஒரு உதை. நின்றது. ரொம்ப நேரம் நின்றது. “ஏனுங்ணா, சித்த தொறந்து ஓட்ட எடுத்து வுடுங்களே, பாவம்” என்றாள் ஜோதிமணி. அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். இன்னொரு உதை. தொப்பி கழன்று உருண்டது. ஈரமும் சதையுமாக ஒன்று வெளியே விழுந்து, கழுத்தைத் தூக்க முடியாமல் கம்பிவலையில் முகம் பதியக் கிடந்தது. அது ஒரு காலை நீட்டியது. அப்புறம் தலையைத் தூக்கியது, பெரிய தலை, ஆடியது, விழுந்தது, மறுபடி தூக்கியது, கண்ணைத் திறந்து மேலே பார்த்தது.

“வாங்க சாமி” என்றார் மருதாசலம். “வாங்க, வாங்க.”

“காடைக்குஞ்சுக்கு இத்தன மரியாதைங்களா?” என்றாள் ஜோதிமணி.

“நம்மூட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு சொல்லோணுமில்ல, அம்மிணி?”